எங்கள் விமானத்தின் எண்

அந்த விமானத்தை நான் முதலில் பார்த்த அன்று அதன் மூக்கின் மேல் யாரோ ஒரு சட்டையைக் காயப் போட்டிருந்தார்கள். மைசூரில் ஒரு பழைய தொழில்நுட்பக் கல்லூரியின் பட்டறைக்குப் பின்னால், தூங்குமூஞ்சி மரத்தடியில் அது நின்றிருந்தது. மாணவர்கள் பார்த்துப் படிக்கட்டும் என்று விமானப்படை எந்தக் காலத்திலோ கொடுத்துவிட்டுப் போன சிறிய போர் விமானம். ஒருவர் மட்டும் உட்காரலாம். இரண்டு கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் அவ்வளவுதான் அதன் நீளம். அதன் ஆங்கிலப் பெயருக்குக் கொசு மாதிரியான ஒரு பூச்சி என்று பொருள். கல்லூரிக்காரர்கள் அவ்வப்போது வெள்ளிப் பெயின்ட் அடித்ததோடு சரி. காற்று உள்ளே போகும் வாயில் மைனா கூடு கட்டியிருந்தது. டயர்கள் பாதி மண்ணுக்குள் போயிருந்தன.

நான் விமானத்துறைக்காரி இல்லை. அப்பா ரயில்வே பட்டறை வேலைக்காகத் திருச்சி பொன்மலையிலிருந்து மைசூருக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, ஒரு தொழிற்சாலையில் இயந்திர வரைபடம் போடும் வேலையில் சேர்ந்தேன். அன்று அந்தக் கல்லூரிக்குச் செய்முறைத் தேர்வு நடத்தப் போயிருந்தேன். மதிய இடைவேளையில் கை கழுவக் குழாயைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனபோதுதான் விமானத்தையும், அதன் இறக்கைக்கடியில் குனிந்து நின்ற அவரையும் பார்த்தேன்.

அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மைசூரின் மண்டி மொஹல்லா பகுதியில் இரு சக்கர வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கும் கடை வைத்திருந்தார். கல்லூரிப் பட்டறைக்கு ஏதோ சாமான் கொடுக்க வந்தவர், நான் நிற்பதைப் பார்த்ததும் அந்தச் சட்டையை எடுத்து மடித்து மரக்கிளையில் வைத்தார்.

"இது மேல துணி காயப் போடலாமுங்களா? சொல்லுங்க" என்றார் தமிழில். நான் தமிழ் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "போன்ல பேசிட்டு வந்தீங்கள்ல, காதுல விழுந்துச்சுங்க" என்றார்.

அவர் ஊர், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம். சின்ன வயதிலேயே விமானப்படையில் சேர்ந்து, விமானத்தின் உடற்பகுதியைப் பழுது பார்க்கும் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று அரை மணி நேரம் அந்த விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து எனக்கு விளக்கினார். பீரங்கி எங்கே இருக்கும், சக்கரம் எப்படி மடங்கும், விமானி எந்தப் பக்கமாக ஏறுவார் என்று சொல்லிக்கொண்டே போனார். தேர்வுக்கு நான் பத்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. கல்லூரி முதல்வரிடம் அனுமதி வாங்கினோம். பழைய விமானங்களைப் படம் எடுத்துச் சேர்க்கும் வங்கி அதிகாரி ஒருவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். மைசூர்க்காரர், கன்னடம் பேசுபவர். நாங்கள் மூவர்தான். காலை எட்டு மணிக்குப் போனால் ஒரு மணி வரை வேலை. மைனாக்கள் குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை காத்திருந்து கூட்டை எடுத்தோம். தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, வெள்ளிப் பெயின்டுக்குக் கீழே பச்சையும் சாம்பலுமான பழைய நிறத்தைக் கண்டுபிடித்தோம். அது முதலில் தெரிந்த இடம் ஒரு உள்ளங்கை அளவுதான் இருக்கும். நாங்கள் மூவரும் அதன் மேல் மாறி மாறி விரலை வைத்துப் பார்த்தோம்.

நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். விமானத்தை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்தேன். விமானி அறைக்குள் இருக்கும் ஒவ்வொரு ஓட்டையும் என் தாளில் ஏறியது. அறையின் இடது சுவரில் ரிவெட் ஆணி அடிக்கும் நான்கு ஓட்டைகள் மட்டும் வெறுமனே இருந்தன. "இங்கதானுங்க எண் தகடு இருந்திருக்கும். எவனோ பேத்துட்டுப் போயிட்டான்" என்றார் அவர். அந்தத் தகடு இல்லாவிட்டால் எங்கள் விமானம் எது என்று சொல்ல வழியில்லை. ஒரே மாதிரி பல விமானங்கள் இருந்தன. எந்தப் படைப்பிரிவில் இருந்தது, யார் ஓட்டினார்கள், போருக்குப் போனதா என்பதெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வால் பகுதியில் ஒரு சிறிய மூடி இருந்தது. அதன் உட்புறத்தில் எண் எழுதியிருக்க வாய்ப்புண்டு என்று எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னேன். மெக்கானிக் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "திருகெல்லாம் துரு ஏறிக் கெடக்குதுங்க அம்மிணி. கை வெச்சா தகரம் கிழிஞ்சு போயிரும். வேண்டாமுங்க" என்றார். அந்த வேலையில் வாழ்க்கையைக் கழித்தவர் சொல்கிறார். நான் விட்டுவிட்டேன்.

நான்காவது ஆண்டில் கல்லூரிக்குப் புதுக் கட்டடம் வந்தது. விமானம் நிற்கும் இடமும் அதற்குள் போனது. பழைய இரும்புக்குக் கொடுத்துவிடப் போவதாகப் பேச்சு அடிபட்டது. முதல்வர் எங்களைக் கூப்பிட்டு, "போர்ல சண்டை போட்ட விமானம்னு ஏதாவது காட்டினா கமிட்டில பேசலாம். சும்மா ஒரு பழைய விமானம்னா யார் கேப்பாங்க?" என்று கன்னடத்தில் சொன்னார். அன்று வெளியே வந்ததும் வங்கி அதிகாரி விமானத்தை இன்னொரு படம் எடுத்தார். மெக்கானிக், "ஆகட்டும், தேடிப் பாக்கலாமுங்க" என்றார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருக்கைக்கு அடியில் படிந்திருந்த சருகையும் மண்ணையும் அள்ளிக்கொண்டிருந்த மெக்கானிக் திடீரென்று கையை நிறுத்தினார். நான் வெளியே ஸ்டூல் மேல் நின்று டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். மண் ஒட்டிய ஒரு சின்னத் தகட்டை எடுத்து என் வெளிச்சத்தில் நீட்டினார். கட்டைவிரலால் துடைத்தார். எண் தெரிந்தது.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். வங்கி அதிகாரி படம் எடுத்தார். அந்தப் படத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். மெக்கானிக் தகட்டைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. அலுவலகம் விட்டு வந்ததும் கடிதம் எழுதுவேன். ஓய்வு பெற்ற விமானிகள், அவர்கள் பிள்ளைகள், பழைய படைப்பிரிவுகளின் சங்கங்கள் என்று ஒருவரையும் விடவில்லை. வீட்டில் மகள் கன்னடத்தில் கிண்டல் செய்வாள், அம்மாவுக்கு விமானத்தோடு கல்யாணம் ஆகிவிட்டது என்று. கடைசியில் கிடைத்தது. அந்த எண்ணுள்ள விமானம் எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் பறந்திருக்கிறது. அதை ஓட்டியவர்களில் ஒருவர் தமிழர். அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மனைவி கோயம்புத்தூரில் இருந்தார்.

பழைய விமான ஆர்வலர்கள் நடத்தும் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் நான் கட்டுரை எழுதினேன். அளவுகளோடும் படங்களோடும் வந்த கட்டுரை அது. கல்லூரிக் கமிட்டி அதைப் படித்தது. விமானத்தை வாசலுக்கருகே மேடை கட்டி நிறுத்துவதென்று முடிவானது. நான் எழுதியதால்தான் அது பிழைத்தது என்று எல்லாரும் சொன்னார்கள். மெக்கானிக்கும் சொன்னார்.

திறப்பு விழாவுக்கு விமானியின் மனைவியான அந்த அம்மா வந்தார்கள். எழுபதைத் தாண்டிய வயது, முழங்கால் வலி, கையில் ஊன்றுகோல். மகன் காரில் அழைத்து வந்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு விமானத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கைப்பையிலிருந்து கணவரின் லாக் புக்கை எடுத்தார்கள். ஒவ்வொரு முறை பறந்ததும் தேதி, நேரம், விமான எண் என்று விமானிகள் தாங்களே எழுதி வைக்கும் நோட்டு அது. நீல மையில் சாய்ந்த கையெழுத்து. எங்கள் எண் பதினோரு இடத்தில் இருந்தது. நான் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன்.

"அவர் எந்தப் பக்கம் ஏறுவார்?" என்று கேட்டார்கள்.

"இடது பக்கமுங்கம்மா. இந்தா, இங்க கால் வெச்சு" என்று மெக்கானிக் காட்டினார்.

அந்த அம்மா எழுந்து போய் அந்த இடத்தில் கை வைத்தார்கள். வெயிலில் உலோகம் சுட்டிருக்கும், எடுக்கவில்லை. பிறகு திரும்பி இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "நீங்க நல்லா இருக்கணும்" என்றார்கள். இவர் தலை குனிந்து நின்றார். அடக்கம் என்று நினைத்தேன். கிளம்பும்போது லாக் புக்கை என் கையில் வைத்து, "இது விமானத்தோடயே இருக்கட்டும்மா. என் காலத்துக்கப்புறம் வீட்ல யார் பாக்கப் போறா?" என்றார்கள்.

ஐந்து மாதம் கழித்துக் கல்லூரியில், மேடையருகே வைக்கும் விளக்கப் பலகைக்காக எண் தகட்டின் படம் ஒன்றைப் பெரிதாக வரையச் சொன்னார்கள். தகடு இப்போது அதன் பழைய இடத்திலேயே பொருத்தப்பட்டிருந்தது. நான் என் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு வாரத்தில் மெக்கானிக்கே ரிவெட் அடித்து முடித்திருந்தார். "பழைய ஓட்டைலயே அச்சா உக்காந்துருச்சுங்க" என்று போனில் சொன்னார். தகட்டின் ரிவெட்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தை நான் அளந்தேன். வீட்டுக்கு வந்து என் பழைய தாளை எடுத்தேன். தகடு கிடைப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, அந்த நான்கு ஓட்டைகளையும் நான் அளந்து வரைந்த தாள்.

நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது.

நான் தப்பாக அளந்திருப்பேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். தகட்டின் விளிம்புக்குப் பக்கத்தில் பழைய ஓட்டைகள் பூசி அடைக்கப்பட்டு, மேலே கறுப்புப் பெயின்ட் தொட்டு வைக்கப்பட்டிருந்தன. நல்ல வேலை. தெரியாதவர்கள் கண்ணுக்குத் தெரியாது. வேலை தெரிந்த கை செய்தது.

காவலாளியிடம் ஏணி வாங்கி வாலுக்குப் போனேன். கை வைத்தால் கிழிந்துவிடும் என்று அவர் சொன்ன மூடியின் திருகுகளில் எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் நிழலில் உட்கார்ந்திருந்தேன். ஆறு திருகும் கழன்றன. எதுவும் கிழியவில்லை. மூடியின் உட்புறத்திலும், உள்ளே சட்டத்திலும் மஞ்சள் எழுத்தில் எண் இருந்தது. வேறு எண்.

ஏணியிலிருந்து இறங்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவருக்கும் தெரியாமல் இருக்கலாம், வேறு யாரோ தகட்டை உள்ளே போட்டிருக்கலாம் என்று ஆட்டோவில் போகும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். ஆனால் ஓட்டையை அடைத்தது யார்? திருகைத் தொட வேண்டாம் என்றது யார்?

மண்டி மொஹல்லாவின் சந்தில் ஸ்கூட்டர்கள் உரசிக்கொண்டு போகும் இடத்தில் அவர் கடை. கல்லாவில் உட்கார்ந்திருந்தார். "வாங்க அம்மிணி, இந்நேரத்துல?" என்றார். நான் வால் மூடியைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் திருப்பி வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். தொடவில்லை.

ஒருவர் வந்து கிளட்ச் கேபிள் கேட்டார். இவர் எழுந்து, அலமாரியில் தேடி, எடுத்துக் கொடுத்து, சில்லறையும் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எண்ணிக்கை ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

"அந்தத் தகடு எங்கேருந்து வந்துச்சு, அண்ணா?"

"என்ற பொட்டிலதான் இருந்துச்சுங்க."

"எத்தனை வருஷமா?"

"நாப்பது வருசத்துக்கு மேல." கல்லாவை மூடினார். "வேலைக்குச் சேந்தப்ப எனக்குன்னு குடுத்த மொத விமானம் அது. அப்பறம் அதை ஒடைக்கச் சொல்லிப்போட்டாங்க. நானேதான் ஒடைச்சனுங்க. தகட்டை மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டேன். உருக்கிப்போட்டாங்க அதை. இங்க நிக்கறதையும் உருக்கறேன்னு சொன்னப்ப எனக்குத் தாங்கலைங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீங்க எழுதியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதுக்குத்தானுங்க சொல்லலை." குரலில் மன்னிப்பு கேட்கும் தொனி துளியும் இல்லை. எனக்குப் புரிய வைக்கும் தொனிதான் இருந்தது. "நான் சொன்னா எவன் நம்புவான்? நீங்க அளந்து, வரைஞ்சு, எழுதினா நம்புவாங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியுமுங்க."

அதை ஒரு பாராட்டு போலச் சொன்னார். அவருக்குத் தேவைப்பட்டது என் நேர்மை. ரிவெட் அடிக்கும் கருவியை எடுப்பதுபோல அதை எடுத்து உபயோகித்திருக்கிறார். டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற என் முகத்தை ஏன் அப்படிப் பார்த்தார் என்று அப்போதுதான் விளங்கியது. நான் நம்புகிறேனா என்று பார்த்திருக்கிறார்.

"பேங்க் சாருக்குத் தெரியுமா?"

அவர் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். அதுவே போதுமாக இருந்தது.

"அந்த அம்மா உங்க கையைப் பிடிச்சு அழுதாங்களே அண்ணா. அப்பவாவது..."

"சந்தோசமாத்தானுங்களே போனாங்க?" என்றார். "நானும் அந்த விமானத்தைத் தொட்டு வேலை செஞ்சவன்தானுங்க, அம்மிணி. எனக்கும் அது போச்சு. அவங்களாவது தொட்டுட்டுப் போகட்டுமேன்னு இருந்துட்டேன்."

மூடியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வங்கி அதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் மறுக்கவில்லை, தகட்டை மண்ணில் போடுவதற்கு முந்தின நாளே தனக்குத் தெரியும் என்றார். "உங்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னுதான்" என்று கன்னடத்தில் சொன்னார். ஆக, ஞாயிறு தோறும் ஒரே டிபன் டப்பாவிலிருந்து சாப்பிட்ட மூவரில் எனக்கு மட்டும் தெரியாது. ஆராய்ச்சி செய்ததோ நான்.

அடுத்த சனிக்கிழமை லாக் புக்கை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறினேன். திம்பம் மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும், திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். ஐந்து மாதம் மகிழ்ச்சியாக இருந்த ஒருவரிடம் போய் இதைச் சொல்வது யாருக்காக? அவர்களுக்காகவா, எனக்காகவா? இன்றுவரை எனக்கு விடை தெரியாது. ஆனால் பொய் என் பெயரில் அச்சாகியிருந்தது. அதை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

அந்த அம்மா காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்கள்.

"அப்ப அவர் ஓட்டினது எங்க இருக்கு?"

"உருக்கிட்டாங்கம்மா. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே."

லாக் புக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். திறக்கவில்லை. "அந்த மனுஷன் கையைப் புடிச்சுட்டு அழுதேனே" என்றார்கள். கொஞ்சம் கழித்து இன்னொரு முறையும் அதையே சொன்னார்கள். விமானம் போனதைவிட அதுதான் அவர்களைச் சுட்டது. முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் துக்கத்தைத் திறந்து காட்டிவிட்டார்கள்.

"என்னை மன்னிச்சிருங்கம்மா" என்றேன்.

"நீ ஏமாத்தலைன்னு தெரியுது" என்றார்கள். "ஆனா உன்னை நம்பித்தான் நான் வந்தேன்."

நான் எழுந்தேன். காபி ஆடை கட்டியிருந்தது. வாசல் வரை வந்தார்கள், அது அவர்கள் பண்பு. போய்ட்டு வா என்று சொல்லவில்லை.

பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினேன். கடைசிப் பக்கத்தில் மூன்று வரியில் போட்டார்கள். கல்லூரி முதல்வரிடம் வால் மூடியைக் காட்டினேன். பலகைக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று, அமைச்சர் வந்து படம் எடுத்துக்கொண்டாயிற்று, "ஹோக்லி பிடி மேடம்" என்றார். போகட்டும் விடுங்கள் என்று பொருள். இரண்டு முறை எழுத்து மூலமாகவும் கொடுத்தேன். பதில் வரவில்லை. என் படம் இல்லாமலே வைத்த பலகை, அந்தப் பொய் எண்ணோடு அப்படியேதான் இருக்கிறது. அந்த வழியாக பஸ்ஸில் போகும்போது நான் மறுபக்கம் பார்த்து உட்காருவேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுவிட்டன. மெக்கானிக் ஒரே ஒரு முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. விமானம் காப்பாற்றப்பட்டது என்பது உண்மை. நான் உண்மையை மட்டும் வைத்துக்கொண்டு நின்றிருந்தால் அது இன்று இருந்திருக்காது என்பதும் உண்மை. இதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்ட பிறகும் கோபம் குறையவில்லை. என்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டு, நான் மறுத்து, விமானம் போயிருந்தால், அது எங்கள் மூவரின் தோல்வியாக இருந்திருக்கும். இப்போது விமானம் நிற்கிறது, நான்தான் அதன் பக்கத்தில் இல்லை.

வாலில் இருந்த எண்ணை மட்டும் விட மனம் வரவில்லை. பழக்கதோஷம், மறுபடியும் கடிதம் எழுதினேன். போன மாதம், வடக்கே ஒரு ஊரிலிருந்து வயதான மெக்கானிக் ஒருவர் பதில் எழுதியிருந்தார். அந்த விமானமா, நன்றாக ஞாபகம் இருக்கிறது, அது போருக்கெல்லாம் போகவே இல்லை. எப்போது பார்த்தாலும் எண்ணெய் ஒழுகிக்கொண்டு கொட்டகையிலேயே கிடக்கும், நாங்கள் அதை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம், நகரவே நகராது என்று எழுதியிருந்தார்.

படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. மகளிடம் சொன்னால் புரியாது. அந்த எண்ணெய் எங்கிருந்து ஒழுகும், எந்தக் குழாயை எப்படித் திட்டிக்கொண்டே மாட்டியிருப்பார்கள் என்று தெரிந்து, என்னைவிட உரக்கச் சிரிக்கக்கூடியவர் இந்த ஊரில் ஒருவர்தான். போனை எடுத்து அவர் பெயர் வரைக்கும் போனேன். பிறகு கீழே வைத்துவிட்டுக் கடிதத்தைக் கோப்பில் போட்டேன்.